வங்கி பி.ஓ. தேர்வு: இருபது நிமிடத்தில் எதை விடுவது?

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் அமைப்பு ஐ.பி.பி.எஸ். அதன் பி.ஓ. (புரபேஷனரி ஆபீசர், அதாவது பயிற்சி அதிகாரி) முதல்நிலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை முதல்நிலை, முதன்மை, நேர்முகம் மூன்றையும் தாண்டி, இப்போது ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன். கணக்கு வராமல் தோற்கவில்லை. எந்தக் கேள்வியை விட வேண்டும் என்று தெரியாமல் தோற்றேன். அதனால் பாடத்திட்டம், வயது வரம்பு போன்றவற்றை அறிவிக்கையிலேயே படித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தடுக்கிய இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் சான்றிதழ்கள்

படிப்பைத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. என்று போட்ட சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நேர்முகத்துக்குப் போகும்போது எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் செல்லும் என்று அறிவிக்கையில் இருக்கும். பழையதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் கார்டில் வேறு மாதிரி என்று இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். தேர்வு மையத்தில் நுழைவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கையால் எழுதி ஏற்றும் உறுதிமொழியை ஆங்கிலத்தில், உங்கள் சொந்தக் கையெழுத்தில் எழுதுங்கள். முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். கையொப்பமும் அப்படியே.

படி 2: இருபது நிமிடம்

முதல்நிலையில் 100 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் (தர்க்கத் திறன்) மூன்றுக்கும் தலா 20 நிமிடம். ஒன்றைச் சீக்கிரம் முடித்தாலும் மிச்ச நேரம் அடுத்த பகுதிக்குச் சேராது. ஐ.பி.பி.எஸ்.ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் (தேற வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்) உண்டு என்பதால், ஒன்றில் அள்ளி இன்னொன்றை ஈடுகட்டவும் முடியாது.

இரண்டாம் முறை ரீசனிங்கில் ஒரு வட்ட மேசைப் புதிர் வந்தது. எட்டுப் பேர், சிலர் உள்நோக்கி, சிலர் வெளிநோக்கி. பதினோரு நிமிடம் அதிலேயே உட்கார்ந்தேன். பாதிப் படம் போட்டாயிற்றே, விட மனம் வரவில்லை. கடைசியில் புதிரும் முடியவில்லை. தலா அரை நிமிடத்தில் முடியும் இன்ஈக்வாலிட்டி (எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிடுவது), சிலாஜிசம் (இரண்டு மூன்று கூற்றுகளிலிருந்து முடிவு காண்பது) கேள்விகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு பகுதியில்தான் கட்-ஆஃபைத் தவறவிட்டேன்.

இப்போது நான் சொல்லித் தரும் வரிசை இது. முதல் ஏழு நிமிடம் தனிக் கேள்விகள் மட்டும். பிறகு புதிருக்கு வாருங்கள், ஆனால் உடனே படம் போடாதீர்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை படித்து, ஒருவரையாவது ஓர் இடத்தில் உறுதியாக உட்காரவைக்கும் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு வரிசையில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். "கமலாவுக்கும் மணிக்கும் நடுவே இரண்டு பேர்" என்ற குறிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொடங்கினால் 1-4, 2-5, 3-6, 4-7 என்று நான்கு ஜோடி இடங்கள்; இருவரும் இடம் மாறலாம் என்பதால் எட்டு வழிகள். மூன்று வரி கீழே "கமலா இடது ஓரத்திலிருந்து மூன்றாவது" என்று இருந்தால்? மணி ஆறாம் இடத்தில்தான் உட்கார முடியும். எட்டு வழி ஒன்றாகிவிட்டது. அப்படி ஒரு குறிப்பு கண்ணில் பட்டால் எடுங்கள். இல்லையென்றால் அடுத்த புதிருக்குப் போங்கள். இரண்டு வழிகள் வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் போடலாம். மூன்றாவது படம் போட வேண்டி வந்தால், எவ்வளவு முடித்திருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

படி 3: விடையைச் சேமிப்பது

தேர்வு கணினியில்தான். விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரையின் வலப்பக்கம் இருக்கும் கேள்வி எண்ணைத் தொட்டு நேராக அடுத்த கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தியே தீர வேண்டும்.

தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். ஐந்து விருப்பங்களில் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விருப்பத்தையாவது உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். அப்போது அடிக்கலாம்.

படி 4: மாதிரித் தேர்வு

மூன்று செயலிகளுக்குச் சந்தா கட்டாதீர்கள், ஒன்று போதும். கைப்பேசியில் எழுதாதீர்கள். மேசையில் கணினி, மவுஸ், பக்கத்தில் வெள்ளைத்தாள், அதே இருபது நிமிடக் கெடு. ஒரு மணி நேரம் எழுதினால் இரண்டு மணி நேரம் அலசுங்கள். நோட்டில் மூன்று பத்தி: தெரியாதது, தெரிந்தும் நேரம் தின்றது, தொட்டிருக்கவே கூடாதது. என் மதிப்பெண்ணை ஏற்றியது மூன்றாவது பத்திதான்.

கணக்கில் சதவீதங்கள், 30 வரை வர்க்கங்கள் மனப்பாடமாக இருக்கட்டும். இருபடிச் சமன்பாட்டில் பலர் விழும் இடம் ஒன்று: x-க்கு 3, 4, y-க்கு 4, 5 என்று வந்தால் "x சிறியது" என்று குறித்துவிடுகிறோம். இரண்டிலும் 4 இருக்கிறதே. "x சிறியது அல்லது சமம்" என்பதே விடை.

படி 5: முதன்மைத் தேர்வு

முதல்நிலை மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. ஐ.பி.பி.எஸ்.ஸில் முதன்மைக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதம். ஆகவே முதல்நிலை முடிவுக்காகக் காத்திருக்காமல் மறுநாளே தொடங்குங்கள்.

வங்கி விழிப்புணர்வைத் தேதிப் பட்டியலாகப் படித்தால் நிற்காது. 1935-ல் ரிசர்வ் வங்கி, 1949-ல் அது அரசுடைமை, 1969-ல் 14 வங்கிகள், 1980-ல் இன்னும் ஆறு, 1982-ல் நபார்டு (விவசாய, ஊரக வளர்ச்சி வங்கி). கடன் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியோடு இவற்றைப் படியுங்கள். வங்கிகள் தரும் கடனில் முன்னுரிமைத் துறைக்கு (விவசாயம், சிறுதொழில் போன்றவை) ஏன் 40 சதவீதம் என்பதும் சேர்ந்தே புரியும். நேர்முகத்தில் இது பெரிதும் கைகொடுத்தது.

விரித்தெழுதும் பகுதியை ஆங்கிலத்தில் விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு அரை மணி நேரம். தினமும் பதினைந்து நிமிடம் தட்டச்சுப் பழகுங்கள்.

பின்சேர்க்கை: தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பி.ஓ. தேர்வு ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும்தான். கிளார்க் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆங்கிலப் பகுதி நீங்கலாக. தமிழ்வழியில் படித்தவர்கள் இரண்டுக்குமே விண்ணப்பியுங்கள். முதல்நிலைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று: ரேஷன் கார்டும் எல்.எல்.ஆரும் (வாகனம் ஓட்டப் பழகுநர் உரிமம்) அடையாளச் சான்றாகச் செல்லாது. அசல் ஆதாரோ பான் கார்டோ, கூடவே ஒரு நகல், முந்தின இரவே நுழைவுச்சீட்டோடு உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.