எழுத்து ஒன்று, ஒலி இரண்டு: ஆங்கிலம் வாசிக்கையில் இடறும் இடங்கள்

‘ஆறு’ என்று எழுதியிருந்தால் அது நதியோ, எண்ணோ, சூடு தணிவதோ, எதுவானாலும் வாய் ஒரே மாதிரிதான் சொல்கிறது. பொருளை வாக்கியம் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தோடுதான் ஆங்கிலத்துக்குள் நுழைகிறோம். அங்கே சில சொற்களில் பொருள் மாறினால் உச்சரிப்பும் மாறிவிடும். எழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். நுணுக்கமான விவரங்களையும் கவனிப்பேன் என்று சொல்ல நினைத்தவள், எழுதி வைத்திருந்ததை ‘மினிட் டீடெய்ல்ஸ்’ என்று வாசித்தாள். மினிட் என்றால் நிமிடம். மிகச் சிறிய, நுட்பமான என்ற பொருளில் அதே எழுத்துகளை ‘மைன்யூட்’ என்று வாசிக்க வேண்டும். அவளுக்குப் பொருள் நன்றாகத் தெரியும். முதலில் பழகிய ஒலி முந்திக்கொண்டது. ஒரு சொல்லுக்கு ஓர் ஒலிதான் என்று மனத்தில் பதித்துக்கொள்வதே முதல் தவறு.

இதே வகையில் இன்னும் சில: ‘டியர்’ கண்ணீர், ‘டேர்’ கிழிப்பது. ‘விண்ட்’ காற்று, ‘வைண்ட்’ நூலைச் சுற்றுவது. சுற்றியாயிற்று என்றால் ‘வவுண்ட்’. அதே எழுத்துகள் காயத்தைக் குறித்தால் ‘வூண்ட்’. எல்-இ-ஏ-டி ‘லீட்’ என்றால் வழிநடத்துவது, ‘லெட்’ என்றால் ஈயம். வழிநடத்தினார் என்பதும் ‘லெட்’தான், ஆனால் அதில் ஏ எழுத்து கிடையாது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்கள்கூட இங்கே தவறுகிறார்கள்.

இவையெல்லாம் காதில் விழுந்தால் பிடிபட்டுவிடும். நமக்கு உண்மையில் கஷ்டமானது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் அந்த வேறுபாட்டுக்கு நம் காது பழகவில்லை. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ‘கன்டென்ட்’டையே பாருங்கள். வீடியோ, கட்டுரை என்ற பொருளில் அது ‘கான்டென்ட்’. முதல் அசை ஓங்கி ஒலிக்க வேண்டும். இரண்டாவதை அழுத்திக் ‘கன்டென்ட்’ என்றால் மனநிறைவோடு இருப்பது.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஒரே எழுத்தில் வரும்போது, பெயருக்கு முன்னசையிலும் வினைக்குப் பின்னசையிலும் அழுத்தம் விழுவது பெருவழக்கு. ‘ரெக்கார்ட்’ பதிவு, ‘ரிகார்ட்’ பதிவு செய்வது. ‘ப்ரெஸன்ட்’ பரிசு, ‘ப்ரிஸென்ட்’ வழங்குவது. ‘ஆப்ஜெக்ட்’ பொருள், ‘அப்ஜெக்ட்’ ஆட்சேபிப்பது. அழுத்தம் இழந்த உயிரொலி மங்கிவிடுவதைக் கவனியுங்கள். அதை மங்கவிடாமல் முழுதாக உச்சரிப்பதும் ஒரு பிழைதான்.

ஆனால் இதை எல்லாச் சொல்லுக்கும் பொருத்திவிடாதீர்கள். ‘ரிப்போர்ட்’, ‘கன்ட்ரோல்’ இரண்டும் பெயரானாலும் வினையானாலும் பின்னசை அழுத்தமே. ‘ஆன்ஸர்’ எப்போதும் முன்னசை.

கடைசி எழுத்துகளின் ஒலி மாறும் சொற்களும் உண்டு. ‘யூஸ்’ பெயராக வந்தால் இறுதியில் எஸ் ஒலி. வினையாக வந்தால் இஸட் ஒலி. ‘எஸ்டிமேட்’ போடுவது வினை; கையில் வரும் மதிப்பீட்டின் இறுதி ஒலி ‘மிட்’ என்று குறுகும்.

அகராதியைப் பார்க்கும்போது முதல் உச்சரிப்போடு நிறுத்திவிடாதீர்கள். பெயருக்கு ஒன்று, வினைக்கு ஒன்று என்று தனித்தனியே கொடுத்திருப்பார்கள். பன்னாட்டு ஒலிக்குறியீட்டில் அழுத்தக் குறி அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் வரும். பின்னால் வருவதாக நினைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஆர்-இ-ஏ-டி மட்டும் தனி ரகம். வாசிப்பது ‘ரீட்’, வாசித்தது ‘ரெட்’. ‘தே’ என்று தொடங்கும் வாக்கியத்தில் காலத்தைச் சொல்ல ‘எஸ்டர்டே’ போன்ற துணைச்சொல் வேண்டியிருக்கும். ‘ஹி’ என்றோ ‘ஷி’ என்றோ தொடங்கி, நேரே அடுத்து எஸ் சேராமல் இந்தச் சொல் வந்தால் தயங்க வேண்டாம், அது ‘ரெட்’தான்.