திருநெல்வேலியில் லெட்யூஸ்: எப்போது விதைப்பது, எப்போது பறிப்பது?

சாலட்டில் பச்சையாகப் போடும் கீரையான லெட்யூஸின் விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் "கடைசி உறைபனிக்குச் சில வாரம் முன்பு விதைக்கவும்" என்கிற மாதிரி போட்டிருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் பனி விடும் நாளையும் மறுபடி தொடங்கும் நாளையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நம் மாநிலத்தில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். தாமிரபரணிக் கரையில் மார்கழிப் பனி இலையை நனைப்பதோடு சரி. இங்கே வெயில் ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

மாசி பிறந்து ஒரு வாரம் போனால் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் மதியம் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் பிப்ரவரி 20-ஐக் கடைசி அறுவடையாக வைத்துக்கொள்ளுங்கள். இலை லெட்யூஸ் விதைத்து 45 முதல் 55 நாளில் பறிப்புக்கு வரும். 50 நாள் பின்னால் போனால் ஜனவரி 1. அதற்கு மேல் விதைக்காதீர்கள். முதல் விதைப்பு ஐப்பசிக் கடைசியில், வயல்களில் பிசான நெல் வேலை நடக்கிற சமயத்தில். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தால் தட்டுப்பாடில்லாமல் இலை கிடைக்கும். உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் வகைக்கு 70, 80 நாள் வேண்டும். நம் ஊர்க் குளிர் அதற்குக் காணாது, வாங்கவே வேண்டாம்.

இனி முளைப்பு. பலரும் கைவிடுவது இங்கேதான். லெட்யூஸ் விதைக்கு 15 முதல் 20 டிகிரி பிடிக்கும். 30-ஐ ஒட்டிப் போனால் நல்ல விதைகூட முளைக்காமல் உறங்கிவிடும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: ஈரமான டிஷ்யூவில் விதையைத் தூவி மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஃப்ரீசரில் அல்ல. பிறகு வெளியே எடுத்து, வீட்டில் இருப்பதிலேயே குளுமையான மூலையில் வையுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும், அன்று சாயங்காலமே, பல் குத்தும் குச்சியின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துக் குழித்தட்டில் வைத்துவிடுங்கள். வேர் நீளும்வரை காத்திருந்தால் டிஷ்யூவில் ஒட்டி அறுந்துபோகும். விதையை ஆழப் புதைக்க வேண்டாம், வெளிச்சம் பட வேண்டும். மேலே தென்னை நார்க்கழிவை லேசாகத் தூவினால் போதும். தண்ணீருக்கு ஸ்பிரேயர்தான், பூவாளி விதையைப் புரட்டிவிடும். பேப்பர் கப் நாலு நாள் ஈரத்திலேயே நைந்துவிடும் என்பதால் எனக்கு 98 குழித் தட்டுதான் பிடிக்கும்.

நவம்பர் மழையில் தட்டு கூரைக்கடியில் இருக்கட்டும். மூன்று நான்கு வாரத்தில் நாலைந்து இலை விட்டதும், ஒரு சாண் இடைவெளியில், சாயங்காலம் நடுங்கள். குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது. தை பிறந்ததும் மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

பறிப்பது காலை ஏழு மணிக்குள். வெளி இலைகளை மட்டும் ஒடித்துக்கொண்டு நடுக்குருத்தை விட்டுவைத்தால் மறுபடி தழையும். நடுத்தண்டு மேலே நீண்டு இலைகளுக்கு நடுவில் இடைவெளி தெரிகிறதா? பூக்கப் போகிறது, அப்புறம் கசப்புதான். பிப்ரவரி 20 வரை காத்திருக்காமல் அன்றைக்கே செடியோடு வெட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து, சாரல் காலத்தில் போடலாமா என்று கேட்கிறார்கள். ஜூன் நடுவில் விதைத்துப் பார்க்கலாம். ஆனால் கணவாய்க் காற்று இலையைக் கிழிக்கும், மேற்குப் பக்கம் மறைப்பு கட்டுங்கள். சாரலுக்கு நத்தையும் வரும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. நெல்லை டவுன்காரர்கள் அந்த மாதங்களில் முயல வேண்டாம், இங்கே அடிப்பது வெறும் அனல் காற்று.