கர்ப்பத்தின் 14ஆம் வாரம் முதல் 27ஆம் வாரம் வரை: முதன்முறை தாயாகும் பெண்களுக்கான செய்முறை விளக்கம்

முதல் மூன்று மாதங்களில் வாட்டியெடுத்த சத்தியும் தலைச்சுற்றும் பெரும்பாலான பெண்களுக்கு 14ஆம் வாரமளவில் தணிந்து, பசியும் உற்சாகமும் திரும்பும். உடல் நலமாக இருக்கிறது என்ற எண்ணத்தில் கிளினிக் நாளைத் தள்ளிப்போடத் தோன்றுவதும் இந்த மாதங்களில்தான். ஆனால் வெளியே எந்த அறிகுறியும் காட்டாத இரத்தச்சோகையையும் நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் கண்டுபிடிக்கும் பரிசோதனைகளிற் பல இக்காலத்திலேயே நடைபெறுவதால், ஒரு கிளினிக்கையும் தவறவிடாதீர்கள்.

முதலில்: வாரக் கணக்கு

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து வாரங்களை எண்ணுங்கள். ஆரம்ப ஸ்கானில் வைத்தியர் திகதியைத் திருத்தியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இனிவரும் பரிசோதனைகள் யாவும் இந்தக் கணக்கை வைத்தே நடைபெறும்.

அடுத்து: மாதாந்தக் கிளினிக்

பதிவு அட்டையை மறவாமல் கொண்டு செல்லுங்கள். நிறையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படும். சிறுநீரில் புரதம் உள்ளதா என்று சோதிக்கப்படும். குடும்ப நல மருத்துவமாது கீழ் இமையை மெல்ல இழுத்து அதன் உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் சற்று நேரம் அழுத்தி, விரலை எடுத்தபின் குழி விழுகிறதா என்றும் கவனிப்பார். 20ஆம் வாரமளவில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புள் மட்டத்தைத் தொடும். முதற் கர்ப்பமாயின் ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசியும் இக்காலத்தில் போடப்படும்.

குளிசைகளை எடுக்கும் முறை

குளிசையைத் தவறாமல் எடுப்பவர்களிலும் பலர் அதை எடுக்கும் நேரத்தைக் கவனிப்பதில்லை. தேநீரிலும் கோப்பியிலும் பாலிலும் உள்ள பொருட்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். விற்றமின் சி அதன் உறிஞ்சலைக் கூட்டும், கல்சியம் குறைக்கும். ஆகவே இரும்பை விற்றமின் சியோடும், கல்சியத்தை வேறொரு வேளையிலும் எடுங்கள். மலம் கருநிறமாகப் போவது இயல்பே. அதற்குப் பயந்து குளிசையை நிறுத்த வேண்டாம். மலச்சிக்கலுக்கு நீரும் கீரையும் பழங்களும் உதவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வியர்வை அதிகம் என்பதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் குடியுங்கள்.

இருவருக்காகச் சாப்பிடு என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். சோற்றின் அளவைக் கூட்டுவதைவிட முருங்கையிலை, பயறு, முட்டை, திரிபோஷா ஆகியவற்றைச் சேர்ப்பதே மேல். மீனுக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது. நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களைத் தாராளமாக உண்ணலாம். சுறா போன்ற பெருமீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்வதால் அவற்றைத் தவிருங்கள்.

18 முதல் 22ஆம் வாரம் வரை: ஸ்கானும் அசைவும்

இந்த ஸ்கானில் குழந்தையின் மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகங்கள், கைகால்கள், சூல்வித்தகம் (நச்சுக்கொடி) இருக்கும் இடம் ஆகியன பார்க்கப்படும். சூல்வித்தகம் தாழ்வாக இருக்கிறது என்று சொன்னால் கலங்க வேண்டாம். கருப்பை வளரும்போது பெரும்பாலானோருக்கு அது மேலேறிவிடும். முதற் குழந்தையின் அசைவு 18 முதல் 20 வாரங்களளவில் உணரப்படும். தொடக்கத்தில் அது வாயு நகர்வது போலவே இருப்பதால் பலருக்குப் பிடிபடுவதில்லை. 24ஆம் வாரம் வரை அசைவே தெரியாவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

24 முதல் 28ஆம் வாரம் வரை: குளுக்கோசுப் பரிசோதனை

முதல் நாள் இரவு உணவுக்குப் பின் 8 முதல் 10 மணி நேரம் வரை நீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல் காலையில் செல்ல வேண்டும். முதலில் இரத்தம் எடுத்து, பின்னர் 75 கிராம் குளுக்கோசு கரைத்த நீரை ஐந்து நிமிடங்களுக்குள் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தின் பின் மீண்டும் இரத்தம் எடுப்பார்கள். அந்த இடைவேளையில் நடக்காமல் அமர்ந்திருங்கள். குடித்ததை வாந்தியெடுத்தால் உடனே தெரிவியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அளவுகோலின்படி, வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 92 மில்லிகிராமோ, இரண்டு மணி நேரத்தின் பின் 153 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவைக் குறிக்கலாம். குடும்பத்தில் எவருக்கும் சீனி வருத்தம் இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனை அவசியம்.

இயல்பானவையும் ஆபத்தானவையும்

அடிவயிற்றின் பக்கங்களில் சுளீரென்ற இழுவலி, நெஞ்செரிவு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, வயிற்றின் நடுவே கருங்கோடு, பல் முரசில் சிறு இரத்தக் கசிவு ஆகியன பலருக்கும் வருபவை.

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காய்ச்சல், அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு பார்வை மங்குதல், முகம் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் தாமதிக்கலாகாது. குச்சவெளி, மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள், இரவில் அழைக்கக்கூடிய வாகனக்காரரின் எண்ணையும் 1990 இலவச அம்புலன்ஸ் எண்ணையும் பதிவு அட்டையின் உறையிலேயே எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அந்த அட்டை இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.