வயிறு நிறைந்தும் வளராத டாப்னியா: பாஸ்பரஸ் பற்றாக்குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நுண்ணோக்கியில் பார்த்தால் டாப்னியாவின் (பாசியைத் தின்னும் நன்னீர்ச் சிற்றுயிரி) குடல் பச்சைப்பசேலென்று நிரம்பியிருக்கும். ஆனால் உடம்பு வளர்ந்திருக்காது, முதுகுப் பையில் ஒன்றிரண்டு முட்டைதான். தின்னப் பாசி இருக்கிறது, அதில் பாஸ்பரஸ்தான் இல்லை. இதைக் காட்டிக்கொடுப்பது கார பாஸ்பேட்டேஸ் என்ற நொதி. பாஸ்பரஸ் குறைந்த உணவைத் தின்னும் டாப்னியாவில் இதன் வேகம் ஏறும்.

படி 1: குழுக்கள். ஒரே தாய்வழி வந்த, பிறந்து 24 மணி நேரம் தாண்டாத குஞ்சுகளை எடுங்கள். ஆண் துணையில்லாமல் பிறப்பதால் எல்லாம் ஒரே அச்சு. முதல் குழுவுக்கு நல்ல பாசி, இரண்டாவதுக்கு பாஸ்பேட் குறைத்து வளர்த்த பாசி. கார்பன் அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பாசியில் கார்பன்-பாஸ்பரஸ் அணு விகிதம் 300ஐ ஒட்டிப் போகும்போதே டாப்னியா திணறத் தொடங்கும். இரண்டாவது குழுவின் பாசியில் அதைவிட நன்றாக மேலே வையுங்கள். மூன்றாவது குழுவுக்கு நல்ல பாசியையே அரை வயிற்றுக்குக் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இது இல்லாவிட்டால் பசியையும் பாஸ்பரஸ் குறைவையும் பிரித்தறிய முடியாது. ஐந்தாறு நாள் வளருங்கள்.

படி 2: குடலைக் காலி செய்வது. நான் முதன்முறை ஏமாந்தது இங்கேதான். இரண்டாவது குழுவில் அளவு எகிறியது, குதூகலித்தேன். அப்புறம்தான் உறைத்தது: பாஸ்பரஸ் கிடைக்காத பாசியும் இதே நொதியைச் சுரக்கும்! குடலில் கிடந்த பாசியையும் சேர்த்து அளந்திருக்கிறேன். எனவே உணவில்லாத சுத்தமான நீரில் சிறிது நேரம் விட்டு, பச்சைக் குழாய் வெளிறியதை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே எடுங்கள். மணிக்கணக்கில் விடாதீர்கள், பட்டினி வேறு கதையைச் சொல்லும்.

படி 3: சாறு. பனிக்கட்டி மேல் வைத்து டிரிஸ் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்; பிஎச் 8.5 முதல் 9) டாப்னியாவை அரைத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுங்கள். பாஸ்பேட் பஃபர் கூடவே கூடாது, அது நொதியைத் தடுக்கும். ஈடிடிஏவும் வேண்டாம், நொதிக்குத் தேவையான துத்தநாகத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 4: மஞ்சள் நிறம். பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் கரைசலைச் சேருங்கள். நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டியெடுக்க, நிறமில்லாத கரைசல் மெல்ல மஞ்சளாகும். 405 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து கோடு வரையுங்கள். நேராக ஏறும் பகுதியின் சரிவுதான் நமக்கு வேண்டியது. சாறு சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே அளந்து, அதன் சரிவைக் கழித்துவிடுங்கள்.

படி 5: பிராட்ஃபோர்டு முறையில் புரதத்தை அளந்து, அதால் வகுங்கள். இல்லையென்றால் பெரிய உடம்புதான் பெரிய எண்ணைக் காட்டும்.

சரி, இரண்டாவது குழு மட்டும் தனித்து உயர்ந்திருந்தால் பாஸ்பரஸ் குறைவு என்று கொள்ளலாம். சந்தேகமா? மிச்சமிருக்கும் உயிரிகளை நுண்ணோக்கியில் பாருங்கள். அரை வயிற்றுக் குழு கண்ணாடி மாதிரி இருக்கும். பாஸ்பரஸ் குறைந்த குழுவிலோ, செலவழிக்க வழியில்லாத கார்பன் பல சமயம் எண்ணெய்த் துளிகளாகக் குடலையொட்டி மின்னும்.