ஸ்டீலா, கிராஃபைட்டா? ஷாஃப்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு கோல்ஃப் அடித்துப் பழகும் ரேஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி. அயர்ன் செட் (தட்டைத் தலை கிளப்புகள்) முழுக்கப் புது கிராஃபைட் ஷாஃப்ட், அதாவது கார்பன் நாரில் செய்த தண்டு. பத்துப் பந்து அடித்தால் ஏழு இடப்பக்கம் சுருண்டு ஓடுகிறது. "சார், ஸ்டீல்ல நல்லாத்தான் அடிச்சேன். லேசா இருந்தா தூரம் போகும்னு சொன்னாங்க" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையை நம்பிக் காசைக் கொட்டியவன்.

எடையைக் குறைத்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது

இந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் அயர்ன்கள் ஏழிலும் டைனமிக் கோல்டு எஸ்300 என்ற ஸ்டீல் ஷாஃப்ட் இருந்தது. ஒரு ஷாஃப்ட் சுமார் 130 கிராம். அதைக் கழற்றிவிட்டு 65 கிராம் கிராஃபைட் போடச் சொன்னேன். கடையில் பழைய நீளத்துக்கே வெட்டி, ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் போனது. கிளப்பைச் சுழற்றினால் தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை.

கிரிப் முனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கிப் பிடித்தால் தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ, அதுதான் ஸ்விங் வெயிட். ஷாஃப்ட்டில் 9 கிராம் குறைந்தால் சுமார் ஒரு புள்ளி இறங்கும். 65 கிராம் குறைந்ததில் எனக்கு ஏழு புள்ளி போயிற்று. ஸ்விங் வெயிட்டை எழுத்தும் எண்ணுமாகக் குறிப்பார்கள், சி9-க்கு அடுத்தது டி0; அந்தக் கணக்கில் டி2 இருந்த கிளப் சி5 ஆகிவிட்டது. ஈடுகட்ட வழி உண்டு. நீளத்தை அரை அங்குலம் கூட்டினால் மூன்று புள்ளி ஏறும், தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி. கம்பெனி கிராஃபைட் அயர்ன்கள் பலவும் ஸ்டீலைவிடக் கொஞ்சம் நீளமாக வருவது இதனால்தான்.

கடையில் யாரும் தராசை எடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஒரு வருஷம் முழுக்க ஸ்விங்கில்தான் கோளாறு என்று நினைத்து, கோச்சுக்கும் காசு கொடுத்து, நன்றாக இருந்த டெம்போவை (சுழற்றும் தாளத்தை) கெடுத்துக்கொண்டேன். தயவுசெய்து 7-ஆம் எண் அயர்ன் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, இரண்டு வாரம் அடித்துப் பாருங்கள். செட்டை அப்புறம் தொடலாம்.

ஸ்டீல் என்றால் கனம் என்று முடிவுகட்டுவது

நிப்பான் 950ஜிஎச் ஸ்டீல்தான், ஆனால் 100 கிராமுக்குள். ஏரோடெக் ஸ்டீல்ஃபைபர் ஐ95 கிராஃபைட். மேலே மெல்லிய எஃகு இழை சுற்றியது. எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. உங்களுக்கு எந்த எடை ஒத்துவருகிறது என்று முதலில் பாருங்கள். முழங்கை வலி உள்ளவர்களுக்கு மட்டும் நான் நேராகவே கிராஃபைட்டைச் சொல்வேன். அதிர்வு கைக்குக் குறைவாக வரும்.

"கிராஃபைட் வயசானவங்களுக்கு"

2020 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியை பிரைசன் டிஷாம்போ என்ற இளம் வீரர் ஜெயித்தபோது அவர் அயர்ன்களில் இருந்தது கிராஃபைட்.

ஆர், எஸ் எழுத்தை நம்புவது

ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எழுத்துகள் இவை: ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப் (விறைப்பு). எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ் மாதிரி இருக்கும். அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கிராஃபைட்டை பைப் கட்டரால் வெட்டுவது

நார் நசுங்கும். கூடாது.

ரேஞ்சில் பார்த்த அந்தத் தம்பியின் 7-ஆம் எண் அயர்ன் தலையின் முதுகில் என் பையிலிருந்த லெட் டேப்பை (ஈய ஒட்டுப்பட்டையை) 8 கிராம் அளவுக்கு ஒட்டினேன். இருபது பந்து அடித்தார். நான்குதான் இடப்பக்கம் போயின. மீதி அயர்ன்கள் ஆறையும் அடுத்த ஞாயிறு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், தராசோடு போகிறேன்.