வேலைக்கு வந்தவர் ஏன் நிற்பதில்லை? வன்னியில் தொழில் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று எந்தக் கடைத்தெருவில் கேட்டாலும் முதலாளிமார் சொல்வது ஒன்றுதான்: "வேலைக்கு ஆள் இல்லை, வாற ஆளும் நிக்குதில்லை." முதற்பாதி ஓரளவு உண்மை. இளம் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். ஆனால் வந்த ஆள் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சொந்தத்திலும் அயலிலும் சொல்லித்தான் ஆள் எடுக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் சொந்தம் இருக்கிறதே என்று எதையும் பேசாமலும் எழுதாமலும் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

"எங்கடை பிள்ளைதானே, சம்பளத்தைப் பிறகு பாப்பம்" என்று சொல்லி ஆள் எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. அந்தப் பிள்ளைக்கு வாய் திறந்து கேட்கக் கூச்சம். மாதம் முடிய நீங்கள் நினைத்து வைத்திருந்த தொகை ஒன்று, வீட்டில் தாய் கணக்குப் போட்டு வைத்திருந்த தொகை வேறு. இரண்டு மாதத்தில் பிள்ளை வேலையை விட்டுவிடும், காரணமும் சொல்லாது. ஆகவே முதல் நாளே ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில், லீவு எத்தனை நாள் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். ஆளைப் பழக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள், அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு.

2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாள் சம்பளம் 1,200 ரூபாய். மத்தியானச் சாப்பாடு போடுகிறோமே என்று அதைக் குறைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) விடயத்தில் நடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது. சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம், இதில் ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கக் கூடாது. சிலர் 20 சதவீதத்தையும் பிள்ளையின் சம்பளத்திலேயே கழிக்கிறார்கள். சிலர் 8 சதவீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமலே விடுகிறார்கள். அது அடுத்தவர் காசை எடுப்பதுதான், வேறு பெயர் இல்லை. "அவையள்தான் வேண்டாம் எண்டவை, கையிலை தரச் சொன்னவை" என்ற சமாதானமும் செல்லாது. ஊழியரே எழுதிக் கொடுத்தாலும் கட்டும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. தற்காலிக ஆளுக்கும் வேலை தொடங்கிய நாளிலிருந்து கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். போரில் எல்லாம் இழந்து வெறுங்கையோடு மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கையில் வரும் இந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அட்வான்ஸ். வாரக் கடனுக்குக் காசு கட்ட வேண்டிய பெண்கள் பலர் உங்களிடம்தான் முதலில் கேட்பார்கள். கொடுப்பது உதவி. ஆனால் கொடுத்த காசைக் காட்டி ஆளைக் கட்டி வைப்பது, அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள் வைப்பது, சம்பள நாளில் முழுவதையும் ஒரேயடியாகக் கழித்து வெறுங்கையோடு அனுப்புவது எல்லாம் கொடுமை. அப்படிச் செய்தால் அடுத்த வாரமே அவர் இன்னொரு கடன்காரரிடம் போவார், அப்புறம் உங்கள் கடை வாசலில் வசூலுக்கு ஆள் நிற்கும். ஒரு கொப்பியில் எழுதி, மாதம் எவ்வளவு கழிப்பது என்று இருவரும் பேசி, ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள்.

வேலை நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். முழு வாரம் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. சட்டத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது: கடைசி பஸ். உள்ளூருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட பெண்பிள்ளை யானை நடமாடும் றோட்டால் எப்படி வீடு போவாள்? கணக்கு முடிக்கும் வேலையை அந்த பஸ்ஸுக்கு முன்னால் முடியும்படி வையுங்கள்.

லீவு கேட்கும்போது முகம் சுளிப்பதும் ஒரு பிழை. காலபோக அறுவடையில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை வரமாட்டாது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா. இவையெல்லாம் திடீரென்று வருவதில்லை. வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் குறித்து, யார் எப்போது லீவில் நிற்பது என்று பேசி வைக்கலாம். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, நவம்பர் 27 இரண்டும் வேறு. அந்த நாட்களில் விளக்கேற்றப் போக வேண்டியவரை உங்கள் முன்னால் வந்து கெஞ்ச வைக்காதீர்கள். கேட்கும் முன்னரே லீவைக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் முன்னால் "டேய்" என்று அதட்டினால், சம்பளத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த மனம் திரும்பாது. பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நல்லதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சம்பளத்துக்கு அடுத்தபடியாக ஆளை நிற்க வைப்பது, இங்கே ஏதாவது பழகலாம் என்ற நம்பிக்கை. மூட்டை தூக்கும் பொடியனுக்கு ஸ்ரொக் கணக்கும் பில் போடவும் காட்டிக் கொடுங்கள். போரில் கால் இழந்தவரைப் பார்த்து "பாவம், என்ன வேலை குடுக்கிறது" என்று அனுப்பிவிடுவதும் இங்கே பெரிய பிழை. காசு மேசையில் இருக்க, கணக்கு எழுத, ஓடர் எடுக்க எந்தத் தடையும் இல்லை. வாசலில் ஒரு சாய்தளம் போட்டால் அவருக்கும் வசதி, வாடிக்கையாளருக்கும் வசதி.

கல்லாவில் காசு குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுக் கழிக்கிறார்கள் சிலர். செய்யாதவரும் சேர்ந்து தண்டம் கட்டுகிறார், முதலில் விட்டுப் போகிறவரும் அவராகத்தான் இருப்பார். கோபத்தில் "நாளைக்கு வராதை" என்று சொல்லி ஆளை நிறுத்துவதும் ஆபத்து. குற்றம் என்னவென்று எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதற்குப் பிறகு முடிவெடுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டதாக நினைப்பவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். சின்னக் கடை என்பதால் விலக்குக் கிடையாது.

தானாக விலகிப் போகிறவரின் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை சேர வேண்டும். அதையும் 30 நாளுக்குள் கொடுத்து, சேவைச் சான்றிதழையும் கையோடு எழுதிக் கொடுங்கள்.