தொடைப் பின்தசை இழுப்பு: இடுப்பில் கிடைத்த விடை

வேகமாக ஓடும்போது, கால் முன்னால் நீண்டு தரையைத் தொடப்போகும் நொடியில் மட்டும் தொடையின் பின்பக்கம் சுரீரென்று இழுக்கும். மெதுவாக ஓடினால் ஒன்றுமில்லை. குனிந்து பாதம் தொடும் நீட்சி, ஐஸ், தசையை உருட்டி அழுத்தும் ஃபோம் ரோலர் எதற்கும் மசியவில்லை.

செல்போனில் பக்கவாட்டில் படமெடுத்துப் பார்த்ததும் புரிந்தது: களைத்ததும் இடுப்பு முன்னால் சாய்ந்து, கீழ்முதுகு வளைகிறது. ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைப் பின்தசை, தொடங்குவது நாம் உட்காரும் எலும்பில். இடுப்பு முன்னால் சாய்ந்தால் அந்த எலும்பு மேலேறி, தசை ஏற்கெனவே இழுபட்டே நிற்கும். அதைப் போய் இன்னும் நீட்டுவானேன்?

சரி என்று நீட்சியை விட்டு, பிட்டத்தை இறுக்கி இடுப்பை உள்மடக்கியபடி கிளூட் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது), அப்புறம் நார்டிக் கர்ல் (முழங்காலிட்டு, கணுக்கால் அசையாமல் பிடித்திருக்க, உடலை மெல்ல முன்னால் சாய்ப்பது) செய்தேன். நார்டிக்கில் உடல் இடுப்பில் முன்னால் மடங்கினால் சுமை குறைந்துவிடும். முழங்காலிலிருந்து தோள்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். இப்போது முழு வேகத்திலும் இழுப்பு இல்லை. அப்பாடா!